முகத்தை மூடினால் கையைக் கட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு யார் துணையும் இல்லாமல் நானே முழுசாகப் படித்த முதல் கடிதம் இதுதான். உன் தங்கச்சிக்கும் வாசித்துக் காட்டினேன். பேரனுக்குப் பல் முளைத்த கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தவள், சின்னவள் விஷயம் வந்ததும், "அண்ணன் ரொம்பப் பயந்துபோயிருக்கார், சீக்கிரம் பதில் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அதனால் என் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு விவரமெல்லாம் அடுத்த கடிதத்துக்கு.

உன் சின்ன மகளும் அவள் சிநேகிதர்களும் சினிமா சூப்பர்ஹீரோ மாதிரி முகமூடியும் ரப்பர் கவசமும் மாட்டிக்கொண்டு நாலைந்து பேராக ராத்திரி ரோந்து போகப்போகிறார்கள், சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு. வேடம் போடுவது பொதுவாக எங்கேயும் குற்றமில்லை. போலீஸ் உடை மாதிரி தெரிகிற எதையாவது போட்டுக்கொண்டு ஊரை ஏமாற்றினால்தான் வம்பு. ஆனால் வேடத்தால் கூடுதலாக ஓர் அதிகாரமும் வந்துவிடாது. வேட்டி கட்டிக்கொண்டு நிற்கும்போது உனக்கும் எனக்கும் என்ன உரிமையோ, அதேதான் அவளுக்கும்.

முகமூடி மட்டும் தனிக் கதை. நியூயார்க் மாநிலத்தில் 1845ல் ஒரு சட்டம் போட்டார்கள். குத்தகை விவசாயிகள் மாறுவேடத்தில் திரண்டு வந்து நிலச்சுவான்தார்களின் ஆட்களையும் அதிகாரிகளையும் விரட்டினார்கள் என்பதற்காக வந்த சட்டம் அது. முகத்தை மறைத்துக்கொண்டு கூட்டமாக நிற்பதே குற்றம் என்றாகிவிட்டது. கொரோனா வந்து ஊரே முகக்கவசம் போட்டபோதுதான், 2020ல், அதை ரத்து செய்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 1951ல் இதே மாதிரி ஒன்று வந்தது, வெள்ளை இனவெறிக் கும்பலான கு கிளக்ஸ் கிளான்காரர்களை அடக்குவதற்காக. அவர்களும் ஊரைக் காக்கிறோம் என்று சொல்லித்தான் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள். ஆகவே எந்த ஊரில் நடக்கப்போகிறார்களோ, அந்த ஊர்ச் சட்டத்தை முதலில் பார்க்கச் சொல்.

அடுத்தது, ஒருவரைப் பிடித்து வைக்கிற விஷயம். தனி மனிதர் கைது செய்யலாம் என்று பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட முடிச்சு. இந்தியாவில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 40ஆம் பிரிவு. உன் கண் முன்னால் நடந்திருக்க வேண்டும், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், தேடப்படும் குற்றவாளி என்று கோர்ட் அறிவித்த ஆளாக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமில்லாமல், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைத்துவிட வேண்டும். இங்கிலாந்தில் 1984ஆம் வருஷச் சட்டத்தின் 24ஏ பிரிவும் கிட்டத்தட்ட இதே ஜாக்கிரதையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பையன்கள் இடுப்பில் சொருகிக்கொள்ள ஆசைப்படுகிற மிளகு ஸ்ப்ரே இருக்கிறதே, அமெரிக்காவில் கடையில் வாங்கலாம். இங்கிலாந்தில் அது துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

ஜார்ஜியாவில் தனி மனிதர் கைதுக்கு 1863லிருந்து ஒரு சட்டம் இருந்தது. 2020 பிப்ரவரியில் ஓடிக்கொண்டிருந்த அகமத் ஆர்பெரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை மூன்று பேர் வண்டியில் துரத்தினார்கள், அதில் ஒருவர் சுட்டுக் கொன்றார். திருடன் என்று சந்தேகப்பட்டோம், பிடிக்கத்தான் போனோம் என்று அந்தப் பழைய சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார்கள். கோர்ட் அதை ஏற்கவில்லை, மூவரும் கொலைக்குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021ல், அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த மூவர் எந்த வேடமும் போடவில்லை. நமக்கென்று ஒரு கடமை இருக்கிறது என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் நடத்திய கேஸ் உனக்கு ஞாபகம் இருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஒருவனைப் பார்த்து யாரோ "திருடன், பிடி" என்று கத்த, தெருவே கூடி அவனுக்குத் தர்ம அடி கொடுத்தது. என்னிடம் வந்தபோது வலது கையில் மணிக்கட்டு வரை மாவுக்கட்டு. கணக்கில் பட்டம் வாங்கிய பையன், வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாமல் இடது பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தான். அடித்தவர்களில் ஓர் ஆளைக்கூட அவனால் அடையாளம் காட்ட முடியவில்லை. கூட்டத்துக்கு முகம் கிடையாது என்கிற வசதி அது. முகமூடி அதே வசதியை ஒற்றை ஆளுக்குச் செய்து கொடுக்கிறது. சின்னவளுடைய திட்டத்தில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஃபீனிக்ஸ் ஜோன்ஸ் என்ற பெயரில் ஒருவர் ரொம்பப் பிரபலமாக இருந்தார். கூண்டுச் சண்டை வீரர். கறுப்பும் பொன்னிறமுமாக உடை, உள்ளே குண்டு துளைக்காத கவசம், கூடவே ஒரு குழு. 2011 அக்டோபரில் ஒருநாள் பின்னிரவில், சாலையில் ஒரு கும்பல் அடித்துக்கொள்கிறது என்று பாய்ந்து போய் மிளகு ஸ்ப்ரே அடித்தார். சண்டையை விலக்கினேன் என்றார் அவர். நாங்கள் பாட்டுக்கு ஆட்டம் போட்டுக்கொண்டு போனோம், முகமூடிக்காரன் ஒருவன் எங்கிருந்தோ வந்து கண்ணில் அடித்துவிட்டான் என்றார்கள் அவர்கள். போலீஸ் அவரைக் கைது செய்தது. வழக்குத் தொடர அரசுத் தரப்பு பிறகு முன்வரவில்லை, அதோடு விட்டது. கோர்ட்டுக்கு வந்தபோது முகமூடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

அந்த வீடியோவை நான் பார்த்தேன். அதில் ஒரு பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைச் சாத்து சாத்தென்று சாத்துகிறாள். பார்த்தவர்களுக்கெல்லாம் சிரிப்பு. எனக்கோ, அந்தப் பெண்ணுக்காக ஆஜராகச் சொன்னால் இந்த வயதிலும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. நடுராத்திரியில் முகம் தெரியாத ஒருவன் பாய்ந்து வந்து கண்ணெரிகிற எதையோ பீய்ச்சினால் வேறென்ன செய்வாள்? அவளைப் பொறுத்தவரை அது சுத்தமான தற்காப்பு. தன்னை நல்லவன் என்று அவர் உடையில் எழுதி ஒட்டியிருந்தாலும், எதிரே இருப்பவருக்கு அதை நம்பவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

அதனால் அவளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முகமூடி வேண்டுமென்றால் கையைக் கட்டிக்கொள்ளட்டும், கை நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முகத்தைக் காட்டட்டும். இரண்டும் சேர்ந்து கிடையாது. போலீஸ்காரர் சட்டையில் பெயர்ப்பட்டை எதற்கு இருக்கிறது? அவர் மேல் யாராவது புகார் கொடுக்க வேண்டுமென்றால் அது தேவை.

நம் பள்ளிக்கூடத் தமிழய்யா பொற்கைப் பாண்டியன் கதையை நடித்தே காட்டுவாரே, நினைவிருக்கிறதா? அவன் செய்ததும் மாறுவேட ரோந்துதான். கீரந்தை வெளியூர் போயிருந்த நாட்களில் அவன் வீட்டுக்கு ராத்திரி ராத்திரி காவல் நின்றவன், ஒருநாள் உள்ளே ஆண் குரல் கேட்டதும் கதவைத் தட்டிவிட்டான். திரும்பி வந்திருந்த புருஷனின் குரல் அது. அந்தப் பெண் மேல் சந்தேகம் விழுந்துவிடக் கூடாதே என்று தெருவில் எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடிவந்தான். மறுநாள் சபையில் புகார் வந்தபோது, தட்டிய கை என்னுடையது என்று சொல்லி வெட்டிக்கொண்டான். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நமக்கு அந்தப் பொன்கைதான் பெரிதாகப் பட்டது. இப்போது யோசித்தால், ராத்திரி மறைத்த முகத்தை விடிந்ததும் சபையில் காட்டினானே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ரோந்துக்காரர் யாருக்கும் கையை வெட்டிக்கொள்ள வேண்டியதில்லை, பெயரைச் சொன்னால் போதும்.

சரி, நல்ல உதாரணமே இல்லையா என்பாய். இருக்கிறது, அதுவும் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. 1985 செப்டம்பரில் மெக்சிகோ நகரைப் பூகம்பம் உலுக்கிப் போட்டது. வீடிழந்தவர்கள் ஏராளம். மிச்சம் மீதி இருந்த வீடுகளிலிருந்தும் ஏழைக் குடித்தனக்காரர்களைக் காலி பண்ணும் வேலை தொடர்ந்தது. 1987ல் சிவப்பு இறுக்க உடை, மஞ்சள் மேலங்கி, மல்யுத்த வீரர்கள் போடுகிற முகமூடியோடு சூப்பர்பாரியோ என்று ஒருவர் கிளம்பினார். மார்பில் எஸ், பி என்று இரண்டு எழுத்து. எந்தக் குடும்பத்தைக் காலி பண்ண ஆள் வருகிறார்களோ, அந்த வீட்டு வாசலில் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டத்தோடு வந்து நிற்பார். யாரையும் அடித்ததில்லை. அந்த ஊரில் மல்யுத்த முகமூடி என்றால் ஜனங்களுக்கு உயிர். அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் கூட்டம் கூடும், கேமரா வரும், இருட்டோடு இருட்டாகச் சாமான்களைத் தெருவில் வீசிவிட்டுப் போக முடியாது. அதே உடையில் அதிகாரிகளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச்சுவார்த்தையும் நடத்தினார். இங்கே முகமூடி இருந்தது, கை கட்டியிருந்தது. அதே நகரத்தில் 2012லிருந்து பியதோனிதோ என்று இன்னொரு முகமூடிக்காரர் பாதசாரிகளுக்காக இறங்கினார். கோட்டைத் தாண்டி வந்து நிற்கிற காரைக் கையால் தள்ளிப் பின்னுக்கு நகர்த்துவார்! தள்ளுவது காரைத்தான், ஆளை அல்ல என்பதால் அவரை மன்னித்துவிடுகிறேன்.

கொலம்பியாவின் தலைநகர் பொகொட்டாவில் மேயரே வேடம் கட்டினார். அண்டனாஸ் மோக்கஸ், கணிதமும் தத்துவமும் படித்த மனிதர். 1995ல் மேயரானவர், முகத்துக்கு வெள்ளை பூசிய ஊமைநாடகக் கலைஞர்களைப் போக்குவரத்துச் சந்திப்புகளில் நிறுத்தினார். அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. விதியை மீறியவரைப் போல நடித்துக்காட்டிக் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். அது பலித்தது.

தோக்கியோவில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் டிவியில் வரும் பவர் ரேஞ்சர் மாதிரி பச்சை உடை போட்ட ஓர் இளைஞர் படிக்கட்டில் நின்றார், தள்ளுவண்டிக் குழந்தைகளையும் முதியவர்களின் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஏற. திருடன் பிடிக்கிற வேலையே அதில் இல்லை. வெட்கப்படாமல் உதவி செய்யத்தான் அந்த உடை என்று அவர் சொன்னதாகப் படித்தேன். எனக்கு அது புரிகிறது. சும்மா சட்டை பேண்ட்டில் போய் முன்பின் தெரியாதவரிடம் பையைக் கொடுங்கள் என்று கேட்டால் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

வேடம் பார்ப்பவரையும் ஏதோ செய்கிறது. இத்தாலியில் மிலான் நகர மெட்ரோவில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2025ல் வெளியானது. வயிற்றில் துணி கட்டிக் கர்ப்பிணி மாதிரி ஒரு பெண் ஏறுவாள். சாதாரணமாக நூற்றுக்கு 38 தடவை யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள். பேட்மேன் உடையில் ஒருவர் வேறொரு கதவு வழியாக ஏறி ஓரமாக நின்றபோது அது 67 ஆனது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து இடம் கொடுத்தவர்களில் பலர் பேட்மேனைக் கவனிக்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். சின்னவளிடம் இதைக் கட்டாயம் சொல். சும்மா நின்றே இவ்வளவு நடக்கிறதென்றால் குத்துச்சண்டை வகுப்புக்குப் பணம் கட்டுவானேன்?

அப்புறம், "யாருமே உதவிக்கு வருவதில்லை, அதனால்தான் நாங்கள் போகிறோம்" என்று அவள் சொன்னதாக எழுதியிருந்தாய். 1964ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டபோது 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று பத்திரிகையில் வந்த செய்தியிலிருந்து இந்த நம்பிக்கை ஊன்றிவிட்டது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளை அலசி 2019ல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் யாரோ ஒருவராவது உள்ளே புகுந்து விலக்கப் பார்த்திருக்கிறார்கள். வேடமில்லாத சாதாரண ஜனங்கள்தான்.

புகழ் ஆசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1979ல் நியூயார்க் சுரங்க ரயிலில் ரோந்து தொடங்கிய கார்டியன் ஏஞ்சல்ஸ் அமைப்பினருக்குச் சிவப்புத் தொப்பிதான் அடையாளம். முகமூடி இல்லை, ஆயுதம் இல்லை. இந்த வகையில் நான் மதிக்கிற ஏற்பாடு. ஆனாலும் அதைத் தொடங்கிய கர்டிஸ் ஸ்லிவா, ஆரம்பகாலச் சாகசங்களில் சில விளம்பரத்துக்காகச் செய்த நாடகம் என்று 1992ல் ஒப்புக்கொண்டார். 2024ல் அவர் டிவி நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆட்கள் ஒருவரை அமுக்கிப் பிடித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவன், கடையில் திருடியவன் என்றார் ஸ்லிவா. பிடிபட்டவர் அந்த நகரத்துக்காரர்தான் என்றது போலீஸ். கேமரா இருந்தால் யாராவது மாட்டியே ஆக வேண்டும் என்றாகிவிடுகிறது.

அவளைத் தடுக்காதே மாப்ளே. தடுத்தால் சொல்லாமல் போவாள். இரண்டு பேருக்குக் குறைந்து போகக் கூடாது, கிளம்புமுன் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் பேசிக்கொள். முதலுதவிப் பெட்டி, தண்ணீர், டார்ச், ஒரு நோட்டு. அந்த நோட்டுதான் முக்கியம். எத்தனை மணி, வண்டி நம்பர் என்ன, சட்டை என்ன நிறம், எந்தப் பக்கம் ஓடினான் என்று அந்த இடத்திலேயே எழுதி வைக்கிற சாட்சிக்காக நான் எத்தனையோ வழக்குகளில் ஏங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட சாட்சி ஒருவர் இருந்திருந்தால் அந்த மாவுக்கட்டுப் பையனை அடித்தவர்கள் உள்ளே போயிருப்பார்கள். கூண்டில் ஏறினால் முதல் கேள்வியே பெயர், தகப்பனார் பெயர்தான் என்பதையும் அவளுக்குச் சொல்லி வை. அங்கே உன் பெயரும் வரும்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை எனக்குப் போன் பண்ணச் சொல். குழுவுக்கென்று விதிகள் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதையும் அனுப்பச் சொல். கைவிலங்கு பற்றிய பக்கத்தை நான் சிவப்பு மையால் அடித்துவிடுவேன் என்று இப்போதே எச்சரித்துவிடு. மேலங்கி வேண்டாம், கதவிடுக்கில் மாட்டும் என்று உன் தங்கச்சி சொல்கிறாள். உடையைத் தானே தைத்துத் தருகிறாளாம், அளவு மட்டும் அனுப்பினால் போதுமாம்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை