செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கல்குளம், விளவங்கோடு பக்கமிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். டிவி, ஹோம் தியேட்டர், மைக் செட் வேலை பார்க்கும் நம் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பங்குனியில் மட்டும் கொடையும் திருவிழாவுமாக எல்லோரும் ஊர் ஊராக அலைந்ததால் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அந்த நேரம் பார்த்து டீக்கடைக்கு எழுந்து போக வேண்டாம்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும், சண்டை போட்டதும் டிவியின் சத்தத்தை ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) கொண்டுபோகும் டிஜிட்டல் வயரைப் பற்றித்தான்: வெளிச்சத்தில் போகும் ஆப்டிக்கலா, செம்புக் கம்பியில் போகும் கோஆக்சியலா என்று. ஆவணிக் கூட்டத்தில் வந்த புகாரிலிருந்து அது தொடங்கியது. தக்கலை பக்கம் ஒரு வீட்டுக்கு நம் உறுப்பினர் ஒருவர் போய், “ஆப்டிக்கல் போடுங்க, சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும்” என்று மாட்டிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த மாதம் வேறு வேலையாகப் போன இன்னொருவர், “செம்புக் கம்பியில வந்தாத்தான் பாஸ் சத்தம் கனமா இருக்கும்” என்று அதைக் கழற்றிவிட்டுக் கோஆக்சியல் மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் காசு கொடுத்த வீட்டுக்காரர் நம் எல்லோரையும் சேர்த்து ஏசினார். அவர் ஏசியதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

இரண்டு வயரிலும் போவது ஒரே சரக்கு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த எஸ்.பி.டி.ஐ.எஃப். என்ற டிஜிட்டல் ஒலி முறைப்படி பூஜ்யமும் ஒன்றுமாகப் போகிறது. கோஆக்சியலில் அது அரை வோல்ட் அளவு மின்துடிப்பு. தோஷிபா 1983இல் கொண்டுவந்த டோஸ்லிங்க் ஆப்டிக்கலில் அது 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு எல்.இ.டி. வெளிச்சம். எண்ணுக்கு இனிப்பும் கிடையாது, கனமும் கிடையாது. வயர் கெட்டால் சத்தம் விட்டுவிட்டு வரும், டக் டக் என்று அடிக்கும், அல்லது நின்றே போகும். பாஸ் மட்டும் தனியாகக் குறைந்தால் வயரைக் கழற்றாதீர்கள், ஆம்பின் செட்டிங்கைப் பாருங்கள்.

இதை வாயால் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால் ஐப்பசிக் கூட்டத்தில் ஒரு சோதனை வைத்தோம். ஒரு டிவிடி பிளேயரின் இரண்டு அவுட்டிலிருந்தும் ஒரே ஆம்புக்கு இரண்டு வயரையும் கொடுத்து, ஆம்பின் டிஸ்பிளே தெரியாதபடி முன்னால் ஒரு வேட்டியைக் கட்டினோம். ஓடியது ஒரு பழைய நாதஸ்வரப் பதிவு. வேட்டிக்குப் பின்னால் ரிமோட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் எந்த வயர் என்று சீட்டில் எழுதச் சொன்னோம். எல்லாம் சரியாக எழுதியவர் ஒருவர்கூட இல்லை. பாதிக்குப் பாதி சரி என்றால் காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவு வரும். நான் ரிமோட்டைத் தொடவே தொடாத ஒரு தடவை, முன்வரிசையிலிருந்த மூத்தவர் ஒருவர், “மக்கா, இப்ப வந்தது பாரு, மணி மணியா கேக்குது” என்றார். பிறகு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு வடையும் அவர் செலவு.

அப்படியானால் எதைப் போடுவது? வீட்டைப் பார்த்துப் போட வேண்டும். நம் உறுப்பினர்கள் சொன்ன அனுபவங்களிலிருந்து சிலவற்றைப் பதிவு செய்கிறேன்.

குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் ஆம்பைப் போட்டாலே உம்மென்று ஹம்மிங். செட் டாப் பாக்ஸில் இருந்த கேபிள் டிவி வயரைப் பிடுங்கியதும் நின்றது. வீட்டு எர்த் ஒரு பக்கம், வெளியிலிருந்து வரும் கேபிளின் ஷீல்டு எனும் உலோகப் பின்னல் ஒரு பக்கம், நடுவில் கோஆக்சியல் இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிட்டது. அங்கே ஆப்டிக்கல் மாட்டியதும் வளையம் அறுந்தது, ஹம்மிங்கும் போனது. வெளிச்சத்துக்கு எர்த் தெரியாது. ஐப்பசி இடி நேரத்தில் டிவியிலிருந்து ஆம்புக்கு அந்த வயர் வழியாக மின்சாரம் தாவாது என்பது கூடுதல் நன்மை. ஆனால் கரண்ட் லைனில் வருவதை அது தடுக்காது. பிளக்கைப் பிடுங்கத்தான் வேண்டும்.

குளச்சல் கடற்கரை வீடுகளில் கோஆக்சியல் முனையிலுள்ள ஆர்.சி.ஏ. பின் உப்புக் காற்றில் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறது. அங்கேயும் ஆப்டிக்கல் நல்லது.

ஆனால் ஆப்டிக்கல் ஒரு செல்லப்பிள்ளை. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குப் பின்னால் மடங்கினால் போச்சு, மேசையைத் தள்ளி நசுக்கினாலும் போச்சு. தூரம் 5 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மண்டபத்தில் முன்னால் டிவியும் பின்னால் ஆம்புமாக 15 மீட்டர் இழுக்க வேண்டியிருந்த ஒரு வேலையில், நம் ஆள் ஒருவர் கோஆக்சியலுக்கு வேண்டிய 75 ஓம் டிஷ் வயரில் ஆர்.சி.ஏ. பின் அடித்துக் கொடுத்தார். இன்றுவரை தடங்கல் இல்லை. பழைய ஏ.வி. கார்டிலுள்ள மஞ்சள் பின் வயரும் 75 ஓம்தான். வீடியோவுக்காகச் செய்தது என்று தூக்கி எறியாதீர்கள், டிஜிட்டல் கோஆக்சியலாக அது நன்றாக ஓடும். இரண்டு பக்கமும் இரண்டு வகைச் சாக்கெட்டும் இருந்து, எர்த் தொல்லையும் இல்லாத வீட்டில் நான் கோஆக்சியல்தான் போடுவேன். ஆனால் புது டிவிகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஆப்டிக்கல் சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது. அங்கே வாக்குவாதத்துக்கே இடமில்லை.

அட்மோஸ், ட்ரூஎச்டி என்று டால்பியின் உயர்தர ஒலி முறைகளைக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்த இரண்டு வயரையும் விற்காதீர்கள். இந்த வயர்களில் போவது இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத சத்தம்), அல்லது சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1, அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் எச்டிஎம்ஐ. டால்பி பிரிக்கத் தெரியாத சின்ன ஆம்ப் என்றால் டிவியின் ஆடியோ அவுட்டைப் பிசிஎம்மில் வையுங்கள். “சத்தமே வரல்ல” என்று வரும் அழைப்புகளில் பல அதோடு தீர்ந்துவிடுகின்றன.

மற்றபடி தீராதது ஒன்றை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் புது ஆப்டிக்கல் மாட்டி, சத்தம் வராமல் டிவியைக் குறை சொல்லி, ஆம்பைத் திறந்து, இரவு பத்து மணிவரை நின்றேன். கடைசியில் அந்த வீட்டுச் சிறுமிதான் வயரின் முனையைப் பார்த்து, “மாமா, இதுல மூடி இருக்கு” என்றாள். தூசி படாமல் கம்பெனியில் போட்டுவரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் முனையில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. அன்றைக்குக் கூலி வாங்கவில்லை.

மேற்படி விவாதங்களின் முடிவில், வயரை மாற்றினால் ஒலியின் தரம் கூடும் என்று சொல்லி எந்த உறுப்பினரும் விற்கக்கூடாது என்று கார்த்திகைக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். வாங்கும் முன் வீட்டில் மாட்டிப் பார்க்க, இரண்டு வகையிலும் இரண்டிரண்டு வயர் வாங்கிச் சங்க அலமாரியில் வைத்திருக்கிறோம். ஏட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், ஒரு வாரத்தில் திருப்ப வேண்டும். அதில் ஆப்டிக்கல் ஒன்று தை மாதம் போனது இன்னும் வரவில்லை. எடுத்தவர் இரண்டாவது வரிசையில் இருக்கிறார், பெயரை நான் வாசிக்கவில்லை.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்