வீட்டிலேயே காருக்கு டர்போ மாட்டப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

உங்களைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. தடுத்தாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு நானும் யார் சொல்லியும் கேட்கவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த 1.5 லிட்டர் பெட்ரோல் காரில், காயலான் கடையில் கிடைத்த பழைய டர்போ ஒன்றை (இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) என் கையாலேயே மாட்டினேன். பதினோரு நாள் பறந்தேன். பன்னிரண்டாவது நாள் ஒரு மேட்டில் ஏறும்போது மூன்றாவது சிலிண்டர் போய்விட்டது. ஒரு வருடம் கழித்து வேறு இன்ஜினைப் போட்டு, இந்த முறை வேலையின் வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுச் செய்தேன். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நாம் எல்லோருமே தப்பான முனையிலிருந்து ஆரம்பிக்கிறோம். எங்கோ ஒரு டர்போ சல்லிசாகக் கிடைக்கிறது. அதை மேசைமேல் வைத்து, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு ரசிக்கிறோம். பிறகு டர்போ உட்காரும் மேனிஃபோல்ட், பைப், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் என்று போகிறது. கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு கடைசியாக, 'சரி, பெட்ரோலுக்கு என்ன செய்வது?' என்று கேட்கிறோம். தாலி கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போன கதைதான்.

உங்களில் மின்விசிறிக் கட்சிக்காரர்களை முதலில் அனுப்பிவிடுகிறேன். ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறியையோ தூசி ஊதும் ப்ளோயரையோ பொருத்தினால் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேலான கூடுதல் அழுத்தம், வந்துவிடும் என்று நம்புகிறவர்களைச் சொல்கிறேன். 1.5 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4500 லிட்டர் காற்றை விழுங்கும். அதற்கு அரை பார் அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி) கூட்டித் தர, நல்ல கம்ப்ரசராக இருந்தால்கூட ஏறத்தாழ 5 கிலோவாட் வேண்டும். 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியருக்கு மேல். ஸ்டார்ட்டர் மோட்டார் நாலைந்தை ஒன்றாகக் கட்டி நிறுத்தாமல் ஓட்டுவது போல. மின்சாரத்தில் சுற்றும் கம்ப்ரசர் உண்மையிலேயே இருக்கிறது. 2016இல் ஆடி நிறுவனம் தன் எஸ்க்யூ7 டீசல் காரில் வைத்தது. ஆனால் அதற்காகவே தனியாக 48 வோல்ட் அமைப்பு போட்டார்கள், அதுவும் டர்போ வேகம் பிடிக்கும்வரை கைகொடுக்க மட்டும்தான். உங்கள் விசிறி முழு வேகத்தில் காற்றின் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். கழற்றிவிட்டு ஓட்டுங்கள், வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும்.

புகைக்குப் பதில் இன்ஜின் பெல்ட்டால் சுற்றிக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரை மாட்டுகிறவர்களுக்கு சைலன்சர் பக்கம் வெட்டி ஒட்டும் வேலை மிச்சம். பிராக்கெட்டையும் புல்லியையும் ஒரே கோட்டில் நிறுத்துவதுதான் அவர்கள் தலைவலி. மற்றபடி கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது என் மூன்றாவது சிலிண்டருக்கு வருகிறேன்.

நான் வைத்த பூஸ்ட் வெறும் 6 பிஎஸ்ஐ, அரை பாருக்கும் கொஞ்சம் குறைவு. வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐ இருக்கும்போது, இன்னொரு 6 சேர்ந்தால் இன்ஜினுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் அது நியாயமான நினைப்புதான். ஆனால் இன்ஜினின் மூளைக்கு, அதாவது இசியூவுக்கு, அந்த 6 பிஎஸ்ஐ தெரியவே தெரியாது. சாதாரண காரில் இருக்கும் காற்றழுத்த சென்சார் வெளிக்காற்று அளவுக்கு மேல் படிக்கத் தேவையில்லாதது. அதற்கு மேல் எது வந்தாலும் 'முழு ஆக்ஸிலரேட்டர்' என்று ஒரே பதிலைச் சொல்லும். இசியூவும் அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் ஊற்றும். காற்று கால் பங்கு கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவு. போதாக்குறைக்கு என் காரில் பெட்ரோலின் அழுத்தம் மாறாமல் ஒரே அளவில் நிற்கும் அமைப்பு. பூஸ்ட் ஏற ஏற, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வாயில் காற்று எதிர்த்துத் தள்ளியதால் பெட்ரோல் இன்னும் குறைந்தது.

காற்றும் பெட்ரோலும் சரியாகத் தீர்ந்துபோகும் விகிதம் எடையில் 14.7க்கு 1 (எண் குறைந்தால் பெட்ரோல் அதிகம், கூடினால் பெட்ரோல் குறைவு). முழு சுமையில் இழுக்கும்போது 12.5 பக்கம் இருக்க வேண்டும், பூஸ்டில் இன்னும் கொஞ்சம் கெட்டியாக 11.5 வரைகூட இறக்குவார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நான் அந்த மேட்டில் 15ஐத் தாண்டியிருக்கிறேன். ஓட்டும்போது இது எதுவும் தெரியாது. தெரியாததோடு, அன்றைக்குத்தான் வண்டி அருமையாக இழுத்தது.

பெட்ரோல் குறைந்து கலவை இளகினால் மட்டும் பிஸ்டன் உடையாது, அதனுடன் சூடு சேர வேண்டும். அரை பாருக்கு அமுக்கிய காற்று, அமுக்கியதாலேயே 50 டிகிரிக்கு மேல் சூடேறும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று 80 டிகிரியில் வெளியே வரும். அந்தச் சூட்டோடு 10க்கு 1 என்று அமுக்கும் சிலிண்டருக்குள் போனால், பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்னே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். நாக்கிங் என்று நாம் சொல்வது இதைத்தான். கோலிக்குண்டுகளை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் வரும். நான் மாட்டியிருந்த சைலன்சரின் இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

பெரிய தொழிற்சாலைகளும் இதே இடத்தில் இடறியிருக்கின்றன. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற காரை டர்போவுடன் விற்றார்கள். இன்ஜினின் அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் 10.25க்கு 1 என்றே வைத்ததால் நாக்கிங் வந்தது. அதை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் தெளிக்கத் தனியாக ஒரு தொட்டி. தொட்டி காலியானால் பூஸ்ட் குறைந்துவிடும் ஏற்பாடும் இருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள். அவர்களும் எதிர்கொண்டது சுமார் 5 பிஎஸ்ஐதான்.

என் இன்ஜின் எட்டாம் நாளே சொல்லியிருக்கிறது. அன்று பிளக்குகளைக் கழற்றினேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். வெளிச்சத்தில் திருப்பினால் நடுநடுவே மணல்போல ஏதோ மின்னியது. பெட்ரோலில் தூசு என்று முடிவு செய்து, துணியால் துடைத்து மறுபடி மாட்டிவிட்டேன். அந்த மினுமினுப்பு பிஸ்டனின் அலுமினியம். பதினோராம் நாள் ஆயில் அளக்கும் குச்சி தானாக மேலே எழும்பி, இன்ஜின் முழுக்க ஆயில் தெளித்திருந்தது. இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: பூஸ்ட் காற்று, இன்ஜின் மூச்சு விடும் பிசிவி வால்வு வழியாகப் பின்னோக்கிக் கசிகிறது என்று. அப்படியும் நடக்கும்தான், அந்தக் குழாயில் பூஸ்ட் தாங்கும் ஒருவழி வால்வு போட வேண்டும். என் விஷயத்தில் நோய் வேறு. பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே வயல் வரப்பு மாதிரி ஒரு மெல்லிய அலுமினிய விளிம்பு இருக்கும். அதில் என் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது; அந்த வழியாக அழுத்தம் கீழே ஆயில் பக்கம் இறங்கித்தான் குச்சியைத் தள்ளியது.

இவ்வளவும் நடந்தபோது என் டேஷ்போர்டில் பளபளவென்று ஒரு பூஸ்ட் மீட்டர் இருந்தது. கலவையைக் காட்டும் மீட்டர் இல்லை. காரோடு வரும் ஆக்ஸிஜன் சென்சார்களில் பெரும்பாலானவை 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தூரம் என்று சொல்லாது. அதற்கு வைட்பேண்ட் சென்சார் வேண்டும். டர்போவைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வாங்குங்கள். எதுவும் மாற்றாத உங்கள் காரிலேயே சில வாரம் மாட்டி ஓட்டுங்கள். மெதுவாகப் போகும்போது எந்த எண், முழுதாக மிதிக்கும்போது எந்த எண் என்று கண்ணுக்குப் பழகட்டும்.

இரண்டாவது முறை நான் அப்படித்தான் செய்தேன். பிறகு பெரிய இன்ஜெக்டர், பம்ப், பூஸ்டையும் படிக்கக்கூடிய சென்சார், நாமே எண்களை மாற்றக்கூடிய இசியூ. டர்போ இல்லாமலே இவற்றையெல்லாம் மாட்டி, காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகி அமைதியாக ஓடும்வரை திருத்தினேன். நாலு மாதம் போனது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காரில் ஒன்றுமே மாறவில்லை. இந்தச் சலிப்பில்தான் நிறையப் பேர் குறுக்குவழிக்குப் போகிறார்கள், புரிகிறது. ஆனால் டர்போ மாட்டிய அன்று எனக்கு மிச்சமிருந்தது பூஸ்ட் பகுதியின் எண்கள் மட்டும்தான். ஸ்பார்க் நேரத்தை ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி பின்னுக்கு இழுத்து ஆரம்பித்தேன். பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் வகைக்கு மாற்றி, இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.7க்குக் குறைத்தேன்.

இனி கைவேலையில் நான் சறுக்கிய சில இடங்கள்.

டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பில் எல்லோரும் கவனமாக இருக்கிறோம், திரும்பி வரும் பைப்பில் கோட்டை விடுகிறோம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் தண்டைத் தாண்டி வரும் ஆயில் நுரைத்துப்போய், அழுத்தமே இல்லாமல், தன் எடையால் மட்டும் கீழே வடிய வேண்டும். என் முதல் பைப் சுண்டுவிரல் தடிமன். வழியில் ஓர் இடத்தில் மேலேறி இறங்கியது. வண்டி நிற்கும்போதெல்லாம் நீலப் புகை. சீல் போய்விட்டது என்று நல்ல டர்போவைப் பிரித்துப் போட்டேன். பைப் அகலமாக, வளையாமல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில், ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சம்ப்பைத் துளைக்கும்போது டிரில் பிட்டில் கிரீஸ் அப்பிக்கொள்ளுங்கள், துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். அலுமினிய சம்ப் என்றால் காந்தத்தை நம்பாதீர்கள்.

பிவிசி பைப்பில் பூஸ்ட் லைன் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிவிசி 80 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும். காற்று எத்தனை டிகிரியில் வருகிறது என்று மேலே சொன்னேன்.

டீசல் காரின் டர்போ நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. டீசல் புகையைவிட பெட்ரோல் புகை மிகவும் சூடானது, முழு சுமையில் 900 டிகிரியைத் தாண்டும். சாதாரண டீசல் டர்போவைக் குறைந்த பூஸ்டில் சமாளித்தவர்கள் உண்டு. உள்ளே இதழ்கள் அசையும் வகை மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் இதழ்கள் சிக்கிக்கொள்ளும். பெட்ரோலில் ஓடும் 911 டர்போ காரில் அந்த வகையைப் போர்ஷே 2006இல் கொண்டுவந்ததே, வெப்பம் தாங்கும் தனி உலோகங்களை வைத்துத்தான்.

பூஸ்ட் எல்லையைத் தொட்டதும் புகையை டர்போ சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும் கதவுதான் வேஸ்ட்கேட். அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாய்க்கு ஒழுங்கான கிளாம்ப் போடுங்கள். பூஸ்டுக்கு எல்லை வைக்கும் ஒரே பொருள் அதுதான். அது கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். நான் முதலில் அதை நூலால் கட்டியிருந்தேன் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிரேக்கும் டயரும் பழைய வேகத்துக்கு அளந்து வைத்தவை. ரோட்டில் உங்களோடு மற்றவர்களும் போகிறார்கள், ஆகவே அதை முதலில் பாருங்கள். இன்சூரன்ஸ்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள், மறைத்தால் விபத்தன்றுதான் பேச்சு வரும்.

அந்த உடைந்த பிஸ்டன் என் மேசைமேல் பேனா தாங்கியாக நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, 'இத்தனை சின்னத் துண்டா?' என்று கேட்கிறார்கள். அந்தத் துண்டைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் காரில் இந்த வாரம் பிளக்கைக் கழற்றினால், துணியை எடுப்பதற்கு முன் அதை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாவது சிலிண்டரைப் பறிகொடுத்தவன்