கார்த்தியின் ரிப்போர்ட் பற்றி மீனாவுக்கு

அன்புள்ள மீனா,

நாங்கள் நலம். அம்மாவின் மூட்டுவலிதான் குறைந்தபாடில்லை. உன்மேல் எனக்குக் கோபம். கார்த்தியின் லுகேமியாவில் (ரத்தப் புற்றுநோயில்) எஃப்.பி.எக்ஸ்.டபிள்யூ.7 மரபணு மாறியிருக்கிறது என்ற ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் போட்டு "இது என்னடி?" என்று கேட்டதோடு சரி, போனை எடுக்கவே இல்லை. ரெக்கார்டு நோட்டை என்னைப் பார்த்தே எழுதி முடித்தவள் நீ. இப்போது முழுப் பாடத்தையும் உட்கார்ந்து படி. மல்லிகா டீச்சர் சந்தோஷப்படுவார்.

எஃப்.பி.எக்ஸ்.டபிள்யூ.7 நம் எல்லோரிடமும் இருக்கிற மரபணு. செல் பிரியும் வேலையைத் தூண்டிவிடும் சைக்ளின் ஈ என்ற புரதம், வேலை முடிந்ததும் ஒழிய வேண்டும். அதன்மேல் பாஸ்பேட் ஏறியதும் இந்த மரபணுவின் புரதம் அதைப் பிடித்துக் கொடுக்கும். 'இதை அழி' என்ற அடையாளமாக யூபிக்விட்டின் சங்கிலி மாட்டப்படும், செல்லின் அரவை இயந்திரமான புரோட்டியசோம் அரைத்துத் தள்ளும். செல்லைப் பெருகத் தூண்டும் மிக், நாட்ச்1 ஆகிய புரதங்களையும் இதுதான் ஒழிக்கிறது.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஹார்ட்வெல் என்ற விஞ்ஞானி ஈஸ்ட்டில் சிடிசி4 என்று கண்டது இதே குடும்பத்து மரபணுவை. ஈஸ்ட்டில் அது கெட்டால் பிரிவு நின்றுபோகிறது. நமக்குக் கெட்டால் நிற்கவே மாட்டேன் என்கிறது! ஈஸ்ட்டில் அது முக்கியமாக அழிப்பது சிக்1 என்ற பிரேக்கை; நம்மிடம் ஆக்சிலரேட்டரை.

கார்த்திக்கு இந்தப் புரதத்தில் 465-ஆவது இடத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறியிருக்கிறது. பாஸ்பேட்டைப் பிடிக்கும் பள்ளமே அங்கேதான். அதனால் நாட்ச்1 அழியாமல் தேங்கி, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பெருகவைக்கிறது.

இனி கவனமாகக் கேள். பெரியவர்களுக்கு வரும் இந்த டி செல் லுகேமியாவில், நாட்ச்1-இலோ இந்த மரபணுவிலோ மாற்றம் இருந்தவர்கள் சிகிச்சையில் மேலாகவே தேறினார்கள் என்று பிரெஞ்சுக் குழு 2009-இல் எழுதியது. ராஸ், பிடென் என்ற வேறு இரண்டு புற்றுநோய் மரபணுக்கள் கெடாமல் இருந்தால்தான் அந்த நல்ல பலன் என்று 2013-இல் திருத்திச் சொன்னார்கள். ஆகவே டாக்டரிடம் இரண்டு கேள்வி கேள்: ராஸ், பிடென் பார்த்தார்களா? முதல் கட்ட கீமோவுக்குப் பிறகு மிச்ச நோய்ச் செல் எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

அண்ணி "என் குடும்பத்து ரத்தம்" என்று அழுகிறார் என்றாயே, மனசு கேட்கவில்லை. இந்த லுகேமியாவில் காணும் இந்த மாற்றம் பொதுவாகப் பிறப்பில் வருவதல்ல, வளர்ந்த பிறகு ஏதோ ஒரு செல்லில் நேர்வது. யாரும் கொடுத்ததில்லை. இதை இன்றைக்கே அவரிடம் சொல். அப்புறம் போனை எடு.

உன்,
சாந்தி