'நாடோடி வீரர்' என்ற சொல் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ரிச் ஹில் பற்றிய பெட்டிச் செய்தியைப் படித்தேன். 45 வயதில், 2025 ஜூலையில், கான்சஸ் சிட்டி ராயல்ஸ் சீருடையில் சிகாகோவில் பந்து வீசி, 14 அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சனின் சாதனையை அவர் சமன் செய்ததாக எழுதியிருந்தீர்கள். தமிழில் பேஸ்பால் பற்றி எழுதுகிறவர்களே குறைவு, அதனால் முதலில் என் நன்றி. ஆனால் 'நாடோடி வீரர்கள்' என்று தலைப்புப் போட்டதும், ஜாக்சனை 'எங்கும் நிலைக்காதவர்' என்று ஒரே வரியில் முடித்ததும் மனதை உறுத்தின. பல வருடங்களாகச் சிகாகோ பக்கம் வசித்து, அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இவர்களை 'ஜர்னிமேன்' என்பார்கள். ஜர்னி என்றால் பயணம்தானே என்று நாடோடி ஆக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்தச் சொல் 'நாள்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, தொழிலை முழுக்கக் கற்று முடித்து, அப்புறம் நாள்கூலிக்கு வேலை செய்யும் கைத்தொழில்காரருக்குத்தான் அந்தப் பெயர். நம் ஊர்க் கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் அவர் பையிலேயே இருக்கும். இந்த மாதம் ஒரு வீடு, அடுத்த மாதம் வேறு ஊர். அவரை யாரும் நாடோடி என்று சொல்வதில்லை.

ஜாக்சன் பிறந்தது ஜெர்மனியில், நொய்-உல்ம் என்ற ஊரில். அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். 2003 செப்டம்பர் 9 அன்று, தன் 20ஆவது பிறந்தநாளில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம். எதிரணி அரிசோனாவின் பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், ராண்டி ஜான்சன். அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர், மறுநாள் அவருக்கு 40 வயது நிறைய இருந்தது. அவரை எதிர்த்து வீசி அந்தப் பையன் ஜெயித்தான். இனி டாட்ஜர்ஸின் தூண் இவன்தான் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் 2006 ஜனவரியிலேயே டாம்பா பே அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

'கொடுத்துவிட்டார்கள்' என்ற சொல்லை யோசித்தே போட்டேன். அமெரிக்க பேஸ்பாலில் ஒரு வீரர் மேஜர் லீக் என்ற உச்சநிலைப் போட்டியில் ஆறு ஆண்டு சேவையை முடிக்கும் வரை அவர்மேல் உள்ள உரிமை அணிக்குத்தான். இன்னோர் அணிக்கு மாற்றிவிடலாம், சம்மதம் கேட்க வேண்டியதில்லை. காலையில் ஒரு ஊர், சாயங்காலம் இன்னொரு ஊருக்கு விமானம். மனைவி, குழந்தைகள், வாடகை வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் பின்னால் வரும்.

அவருடைய ஆட்டங்களில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2010 ஜூன் 25. அப்போது ஜாக்சன் அரிசோனா அணியில். எதிரே அவருடைய பழைய அணியான டாம்பா பே, அவர்களுடைய மைதானத்திலேயே. பிட்ச்சர் ஒரு பேட்டருக்கு நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் வீசினால், பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு (ஓர் ஓட்டம் எடுக்கத் தாண்ட வேண்டிய மூன்று நிறுத்தங்களில் முதலாவது) நடந்துபோகலாம். அதை 'வாக்' என்பார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்கள் நான்கு வைடுக்கு ஒரு ஆள் இலவசம் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாக்சன் முதல் மூன்று இன்னிங்ஸிலேயே ஏழு பேரை நடக்க விட்டார். மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர்கூட அவுட் ஆகாமல் மூன்று பேஸிலும் ஆள். வேறு எந்த நாளாக இருந்தாலும் மேனேஜர் வந்து பந்தை வாங்கியிருப்பார். ஜாக்சன் அதிலிருந்து ஓர் ஓட்டமும் விடாமல் வெளியே வந்தார். அப்புறம் கை வசப்பட்டது. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் அவரே வீசினார். பந்தை அடித்துப் பேஸை எட்டும் 'ஹிட்' ஒன்றுகூட எதிரணிக்குக் கிடைக்கவில்லை. 1-0 வெற்றி. எட்டு வாக், 149 பந்துகள்! 100 பந்தைத் தொட்டாலே பிட்ச்சரை வெளியே எடுக்கும் காலம் இது. அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நழுவிப் போகிற வேலையைப் பிடித்து நிறுத்தி முடித்துக் கொடுப்பது எப்படி என்று யாராவது கேட்டால் அந்த மூன்றாவது இன்னிங்ஸைத்தான் காட்டுவேன்.

சரி, அதற்கு என்ன பரிசு? 35ஆவது நாள், ஜூலை 30 அன்று, அரிசோனா அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டது.

அடுத்த வருடம் 2011 ஜூலை 27 அன்று ஒயிட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. அதே நாளில் டொராண்டோ அவரைச் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பியது. டொராண்டோ சட்டையை அவர் போடவே இல்லை. மூன்று மாதத்தில் செயின்ட் லூயிஸ் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது, ஜாக்சனுக்கும் வெற்றி மோதிரம். எட்டு வருடம் கழித்து, 2019 மே 15 அன்று, அவருடைய 14ஆவது அணியாக அமைந்து சாதனையைத் தந்தது அதே டொராண்டோதான்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியே ஆக வேண்டும். 1969இல் கர்ட் ஃப்ளட் என்ற வீரர், தன்னைக் கேட்காமல் பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். ஆனால் அந்தப் போராட்டத்தை அடுத்து ஒரு பாதுகாப்பு வந்தது: மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகள், அதில் கடைசி ஐந்து ஆண்டுகள் ஒரே அணியில் ஆடியவரை, அவர் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள், ஜாக்சன் 17 சீசன் ஆடினார். எந்த அணியிலும் தொடர்ந்து ஐந்து ஆண்டு இருக்க விடவில்லை. அடிக்கடி மாற்றப்படுகிறவருக்கு அந்த ஐந்து ஆண்டு சேரவே சேராது. நிலையாக இருப்பவருக்கு மட்டும் நிலைக்கும் உரிமை! 'எங்கும் நிலைக்காதவர்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த விதிதான்.

எல்லாமே அடுத்தவர் தவறு என்று நான் சொல்லவில்லை. சிகாகோ கப்ஸ் அவருக்கு நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. 2013இல் 8 வெற்றி, 18 தோல்வி. 2014 அதைவிட மோசம். கொத்தனார் என்று சொன்னாலும் சம்பளத்தில் அவர் கொத்தனார் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

2014இல் ஒரு நாள் ரிக்லி ஃபீல்டில் இடப்பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் பிட்ச்சர்கள் பயிற்சி எடுக்கும் இடம் அந்த ஓரத்திலேயே, ரசிகர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜாக்சன் ஆட்டத்துக்கு முன் கையைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வரிசையில் இருந்த ஒருவர் அவர் சம்பளத்தைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். ஜாக்சன் திரும்பவில்லை. பந்தை விரலால் உருட்டித் தையலைத் தேடினார், வீசினார். கேட்சர் திருப்பி எறிந்ததை வாங்கி மறுபடி தையலைத் தேடினார். எனக்கும் அந்த சீசன் முழுக்க அவர்மேல் எரிச்சல்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் வேலையில் மட்டும் கண்ணாக இருந்த ஒரு மனிதரைப் பார்த்தேன்.

2015இல் கப்ஸ் அவரை விடுவித்தது. அவ்வளவுதான் என்றார்கள். 2018 ஜூனில் ஓக்லாண்ட் கூப்பிட்டது, அங்கே ஒருவர் மாற்றி ஒருவராகப் பிட்ச்சர்கள் காயத்தில் விழுந்துகொண்டிருந்தார்கள். இடையில் மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டி வரைக்கும் போய் வந்திருந்தார். 34 வயதில் 17 ஆட்டங்களைத் தொடங்கி 6 வெற்றி, 3 தோல்வி. அந்த அணி 97 ஆட்டங்களை வென்று பிளே-ஆஃப் போனது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் வெள்ளியும் வாங்கினார். மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி.

ரிச் ஹில் பற்றியோ ஜாக்சன் பற்றியோ இனி எழுதும்போது 'நாடோடி' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை என்றால் 'ஜர்னிமேன்' என்றே போட்டு அடியில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். முடிந்தால் கர்ட் ஃப்ளட் வழக்கைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நேப்பர்வில் வாசகர் ஒருவர்,
இல்லினாய், அமெரிக்கா.