ஓ-பேர் அழைக்க நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். செப்டம்பரில் இங்கே ஜெர்மனியில் பள்ளியும் கிட்டாவும் (சின்னக் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம்) திறக்கும்போது வீட்டில் ஒரு ஓ-பேர், அதாவது குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்கும் வெளிநாட்டு இளைஞர், இருந்தால் நன்றாக இருக்கும் என்று இந்த மாதங்களில் நிறைய பேர் ஓ-பேர் முகவர்களான எங்களைக் கூப்பிடுகிறீர்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறது: "மாசம் 280 யூரோதானாமே?" 280 என்பது சரிதான். ஆனால் அது வரும் பெண்ணின் கையில் நீங்கள் கொடுக்கும் கைச்செலவுப் பணம் மட்டுமே. மொத்தச் செலவு வேறு. அதைவிட முக்கியம், அந்த 280-க்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகள். போனில் ஒவ்வொருவரிடமும் அரைகுறையாகச் சொல்வதைவிட, எல்லாவற்றையும் ஒரே மடலில் எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

செலவுக்கு முன்னால், உங்கள் குடும்பத்துக்கு இது பொருந்துமா என்று பார்த்துவிடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஓ-பேருக்கு ஜெர்மனி விசா கொடுப்பது மொழியும் பண்பாடும் கற்றுக்கொள்வதற்காக. அதனால் உங்கள் வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாகவோ, குறைந்தபட்சம் குடும்ப மொழியாகவோ இருக்க வேண்டும். வீட்டில் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான் என்றால் விண்ணப்பம் ஏற்கப்படாது. மூன்று வருடம் முன்பு பெங்களூரிலிருந்து வேலைக்கு வந்து, இப்போதுதான் ஜெர்மனில் பி1 என்ற நடுத்தர நிலையைப் படித்துக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு "முயற்சி செய்து பார்க்கலாம்" என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

அடுத்தது, பலருக்கு ஏமாற்றம் தரும் விதி. ஜெர்மன் உங்களுக்குத் தாய்மொழி இல்லை, குடும்ப மொழியாக மட்டும் பேசுகிறீர்கள் என்றால், பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓ-பேர் வர முடியாது. இந்தியக் குடும்பம் இந்தியாவிலிருந்தோ, இலங்கைக் குடும்பம் இலங்கையிலிருந்தோ அழைக்க இயலாது. சொந்தக்காரப் பெண்ணை அழைப்பது எந்த வகையிலும் நடக்காது, ஓ-பேருக்கும் குடும்பத்துக்கும் உறவே இருக்கக் கூடாது. "என் நாத்தனார் மகள் பி.காம் முடிச்சிட்டு சும்மா இருக்கா, அவளை ஓ-பேரா கூப்பிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். அவர் ஜெர்மனிக்கு வர ஆசைப்பட்டால் முறையாக ஜெர்மன் படித்து, வேறொரு ஜெர்மன் குடும்பத்துக்கு ஓ-பேராக வரலாம். அதற்கு நாங்கள் உதவுவோம்.

வருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், விசா விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. ஏ1 என்ற தொடக்க நிலை அளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம், வாழ்க்கையில் ஒரே முறை. ஆண்களும் வரலாம், நல்ல பையன்கள் வருகிறார்கள், நம் குடும்பங்கள்தான் கேட்பதில்லை.

சரி, செலவுக்கு வருவோம். கைச்செலவுப் பணம் 280 யூரோ. மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ உங்கள் பங்கு, வகுப்புக்குப் போய்வரும் பயணச் செலவும் உங்களுடையதே. நகரத்தில் இருப்பவர்கள் ஜெர்மனி டிக்கெட் (நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, ரயில்களுக்கான மாதச் சீட்டு) எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், 2026 ஜனவரியிலிருந்து அது மாதம் 63 யூரோ. நோய், விபத்து, கர்ப்பம், பிரசவம் ஆகியவற்றுக்கான காப்பீட்டை அவர் வந்திறங்கும் நாளிலிருந்தே நீங்கள் எடுத்திருக்க வேண்டும். ஓ-பேர்களுக்கென்றே தனியார் காப்பீடு இருக்கிறது. மாதம் 40 முதல் 60 யூரோ என்று கணக்கில் வையுங்கள். மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். குழந்தையோடு வெளியே போகும் இடத்தில் என்ன உடையும் என்று யாருக்குத் தெரியும்?

சாப்பாடு, தண்ணீர், ஹீட்டர், கரண்ட் இவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு பெரியவர் கூடுதலாக வீட்டில் இருக்கிறார், தினமும் குளிக்கிறார், மூன்று வேளை சாப்பிடுகிறார். மாதம் 200 முதல் 250 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால், வாடகைக்கு மேல் தண்ணீர், குப்பை போன்றவற்றுக்குக் கட்டும் உபரிச் செலவுகளில் தலைக்கணக்கில் பிரிக்கும் பகுதி கூடும், வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், அது ஏறாது. எல்லாம் சேர்த்தால் மாதம் 650-லிருந்து 750 யூரோ வரை வரும். இதற்கு மேல், தொடக்கத்தில் கட்டில், மெத்தை, ஒரு சிம் கார்டு, குளிர்காலத்தில் வருபவராக இருந்தால் ஒரு நல்ல கோட்டு. விமானச் செலவைப் பொதுவாக ஓ-பேரே பார்த்துக்கொள்வார், ஆனால் தொலைவிலிருந்து வருபவருக்குப் பாதியாவது கொடுக்கும் குடும்பங்கள் உண்டு, நாங்கள் அதை வரவேற்கிறோம். எங்கள் சேவைக் கட்டணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஒரே முறைதான். வரும் பெண்ணிடம் 150 யூரோ வரை வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் அதையும் வாங்குவதில்லை.

இப்போது 280-க்குத் திரும்புவோம். இந்தத் தொகை ஏன் இவ்வளவு குறைவு? ஓ-பேர் சட்டப்படி ஊழியர் இல்லை. அதனால்தான் குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை, ஓய்வூதியப் பிடித்தமும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் நேரத்துக்கு இறுக்கமான வரம்பு: ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் கூடாது. நீங்கள் இரவு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போக, அவர் தூங்கும் குழந்தைக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாலும் அது அந்த 30-க்குள்தான் வரும். வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அதில் இருக்க வேண்டும். வாரத்தில் நான்கு மாலைகள் அவருடையவை. ஒரு வருடம் இருந்தால் நான்கு வார விடுமுறை, அந்த நாட்களுக்கும் கைச்செலவுப் பணம் உண்டு.

2026-இல் ஜெர்மனியின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 13.90 யூரோ. ஒரு ஊழியரை வாரம் 45 மணி நேரம் வீட்டில் வேலை வாங்கினால் மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த 45 மணி நேர வேலையை ஓ-பேரிடம் 280 யூரோவுக்கு வாங்குவது அந்தப் பெண்ணின் உழைப்பைத் திருடுவதுதான், இதை மென்மையாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. 30 மணி நேரத்தை மதிக்கும் வீட்டுக்குத்தான் நாங்கள் ஆள் சேர்க்கிறோம்.

30 மணி நேரத்தில் என்ன முடியும்? காலையில் குழந்தைகளுக்குச் சாப்பாடு கொடுத்து கிளப்பி கிட்டாவில் விடலாம், மதியம் கூட்டிவந்து மாலை வரை பார்த்துக்கொள்ளலாம், விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போகலாம். குழந்தைகளின் துணியைத் துவைத்து மடிப்பது, அவர்கள் அறையை ஒழுங்குபடுத்துவது, சின்னச் சமையல், சாப்பிட்ட பிறகு சமையலறையைத் துடைப்பது, இவையெல்லாம் சரி. ஜன்னல் கண்ணாடி துடைப்பது, வாரா வாரம் வீடு முழுக்கக் கழுவுவது, படுத்திருக்கும் பெரியவரைப் பராமரிப்பது, இவையெல்லாம் அவர் வேலை இல்லை. கணவன், மனைவி இருவரும் முழுநேர வேலை, ஒரு வயதுக் குழந்தைக்குக் கிட்டா இடம் கிடைக்கவில்லை என்றால் ஓ-பேர் அதற்குத் தீர்வாகாது. உங்களுக்கு நாள் முழுவதும் ஆள் தேவை, அவருக்கு அனுமதி 6 மணி நேரம். அந்த வீடுகளுக்கு நாங்கள் டாகஸ்முட்டர் (பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்) தேடச் சொல்கிறோம். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் போதும் என்றால், பக்கத்தில் இருக்கும் ஒருவரை மினிஜாப் என்ற குறைந்த சம்பளப் பகுதிநேர வேலையில் பதிவு செய்துகொள்ளலாம், 2026-இல் அதன் சம்பள உச்சவரம்பு மாதம் 603 யூரோ.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தனி அறை கட்டாயம், உங்கள் வீட்டுக்குள்ளேயே, குறைந்தது 8 சதுர மீட்டர், ஜன்னலும் ஹீட்டரும் இருக்க வேண்டும். எங்களுக்கு வரும் படங்களில் சில அறைகளின் ஒரு சுவர் முழுக்கச் சாமி அலமாரி, கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டை, மூலையில் கிரைண்டர். காலை ஆறு மணிக்கு விளக்கேற்ற ஒருவரும், மாவரைக்க இன்னொருவரும் உள்ளே வந்தால் அது அவர் அறையா? அலமாரியைக் கூடத்துக்கு மாற்றுங்கள், மூட்டையை நிலவறைக்குக் கொண்டுபோங்கள், கதவுக்கு ஒரு சாவி போட்டு அதை அவர் கையில் கொடுங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கத்தைக் குழந்தைகளுக்கு அவர் வருவதற்கு முன்பே சொல்லிக்கொடுங்கள். மாற்றிய பிறகு எடுத்த படத்தைத்தான் விண்ணப்பத்தோடு வைப்போம்.

சாப்பாட்டை முதல் வீடியோ பேச்சிலேயே பேசிவிடுங்கள். சைவ வீடு என்றால் முட்டை பொரிக்கலாமா, வெளியில் வாங்கிய இறைச்சியைத் தன் அறையில் வைத்துச் சாப்பிடலாமா, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்குவீர்களா என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டு வருபவர் சந்தோஷமாக இருப்பார். வந்த பிறகு தெரிந்துகொள்பவர் மூன்றாம் வாரம் எங்களுக்குப் போன் செய்வார்.

அப்புறம், ஊரிலிருந்து பெரியவர்கள் வரும் மாதங்கள். அம்மாவோ மாமியாரோ மூன்று மாத விசாவில் வருகிறார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டில் வேலைக்கு வருபவர் தனித்தட்டில் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். இங்கே ஓர் இளம்பெண் உங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஏழு மணிக்கு "நான் கிளம்பறேன்" என்று தோழிகளைப் பார்க்கப் போவதைப் பார்த்து அவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். "அந்தப் பொண்ணை இந்தப் பாத்திரத்தைத் தேய்க்கச் சொல்லேன்" என்பார்கள். வேலையைச் சொல்ல வேண்டியது நீங்கள் மட்டுமே என்று பெரியவர்களிடம் முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஓ-பேரிடமும் "பாட்டி ஏதாவது கேட்டால் என்னிடம் சொல், நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லிவைத்தால் நல்லது.

கோடையில் ஐந்தாறு வாரம் ஊருக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் அதிகம். அப்போது ஓ-பேரின் நிலைமை என்ன என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வோம். அவருடைய விடுமுறையின் ஒரு பகுதியை அப்போது எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டில் தனியாக இருந்தால் கைச்செலவுப் பணத்தோடு சாப்பாட்டுக்கும் பணம் வைத்துவிட்டுப் போக வேண்டும், இது எங்கள் நிபந்தனை. உங்களோடு இந்தியாவுக்கு வருவதென்றால் அவருக்குத் தனி விசா வேண்டும், அவருடைய காப்பீடு ஜெர்மனிக்கு வெளியே செல்லுமா என்றும் பார்க்க வேண்டும்.

வந்திறங்கியதும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவு. அதற்கு, உங்கள் வீட்டில் தங்குகிறார் என்று வீடு கொடுப்பவரின் சான்றுத்தாள் தேவை, படிவம் நாங்கள் அனுப்புவோம். குழந்தையைக் கூட்டிவரும் அனுமதியைக் கிட்டாவில் எழுத்தில் கொடுங்கள். முதல் நாள் நீங்களும் கூடப் போய் ஆசிரியைக்கு அறிமுகம் செய்துவையுங்கள். ஓ-பேருக்கு உடனே வங்கிக் கணக்கு திறந்து, பணத்தை மாதா மாதம் கணக்கிலேயே போடுங்கள். கையில் கொடுத்த பணத்தை வரி அலுவலகம் ஏற்காது. 2025 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தையின் பராமரிப்புச் செலவில் 80 சதவீதத்தை, ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 4,800 யூரோ வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஓ-பேர் செலவில் எவ்வளவு குழந்தைக்கு, எவ்வளவு வீட்டு வேலைக்கு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதாவிட்டால் பாதியைத்தான் குழந்தைப் பராமரிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் எங்கள் ஒப்பந்தத்தில் மணிக்கணக்கைத் தனித்தனியாக எழுதச் சொல்கிறோம்.

ஒத்துவராமல் போனால்? போகலாம், யார் மீதும் குற்றமில்லாமலும் போகலாம். வழக்கமாக 14 நாள் முன்னறிவிப்பு. அந்த 14 நாளும் அறையும் சாப்பாடும் அவருக்கு உண்டு. மீதமிருக்கும் காலத்துக்கு அவர் வேறு குடும்பத்துக்கு மாறலாம், வெளிநாட்டவர் அலுவலகத்தின் சம்மதத்தோடு. கோபத்தில் அன்றிரவே வெளியே போகச் சொல்லும் குடும்பத்துக்கு எங்கள் வழியாக இன்னொருவர் வரமாட்டார். சிக்கல் சின்னதாக இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் பரவாயில்லை.

தூதரகத்தில் நேரம் கிடைக்கவே சில நாடுகளில் வாரக்கணக்கில் ஆகும், அதற்கு மேல் விசாவுக்கான காலம் வேறு. செப்டம்பரில் ஆள் வேண்டும் என்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் அறையின் படங்கள், குழந்தைகளின் வயது, உங்கள் வேலை நேரம், ஒரு சாதாரண வாரத்தின் அட்டவணை ஆகியவற்றை அனுப்பிவையுங்கள். அட்டவணையை மணிவாரியாக எழுதுங்கள், 30-ஐத் தாண்டினால் எதைக் குறைக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஓ-பேர் முகவர் அலுவலகம்
டோர்ட்முண்ட்