அக்கா 1986, தம்பி 1989

வியாசர்பாடி, சென்னை

அன்புள்ள ராணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. உன் முழங்கால் வலி, பேரனின் சேட்டை, கோலாலம்பூரில் நல்ல முருங்கைக்கீரை கிடைக்காத குறை எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மனதில் தங்கியது நீ ஞாயிற்றுக்கிழமை பாடம் சொல்லித்தரும் அந்தச் சின் இனத்துப் பிள்ளைகளின் வீடுதான். பர்மாவிலிருந்து ஓடிவந்து, அமெரிக்காவுக்கு டிக்கெட்டும் கைக்கு வந்து, மெத்தை முதல் ஃபிரிட்ஜ் வரை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அகதிகளுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். இப்போது தரையில் படுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்.

யு.என். அகதி கார்டு இருந்தால் மலேசியாவில் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. ஆனால் சட்டப்படி வேலைக்குப் போகக் கூடாது. அந்தப் பாதியை எதை வைத்துக் கட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் தெரியவில்லையடி. 1,80,000 பேருக்கு மேல் அகதிகளாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, 'இவர்கள் எல்லாம் போகிறவர்கள்தானே' என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள் என்றாயே, அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இங்கேயும் நாற்பது வருடமாக அதே பாட்டுதான்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைகளில் புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் முகாமுக்குப் போகிறேன். கணக்கு சொல்லித்தரத்தான் போனேன். இரண்டே மாதத்தில் மனு எழுதுகிற டீச்சர் ஆகிவிட்டேன். உதவி இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதப் பணக்கொடையை 1500 ரூபாயாகக் கூட்டினார்கள், ரேஷன் அரிசி வருகிறது, பிள்ளைகள் கல்லூரி வரை படிக்கிறார்கள். படித்து முடித்த பிறகுதான் முட்டுகிறது. பாஸ்போர்ட் கிடையாது, அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. பி.காம். முடித்த பையன்கள் பெயின்ட் வாளியோடு பஸ் ஏறுகிறார்கள். முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் அந்த வேலைக்கும் லீவு.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேள். முகாமில் ஓர் அக்கா, தம்பி. அப்பா அம்மா 1985-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அக்கா 1986-இல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதிகள் கேம்ப்பில் பிறந்தாள், தம்பி 1989-இல். இந்தியாவில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்திருந்தால் பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்குப் பிறகு என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆகவே அக்கா இந்தியப் பிரஜை, தம்பி அயல்நாட்டவன். ஒரே தாய், ஒரே கேம்ப்!

இது அவளுக்கே 38 வயது வரை தெரியாது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில், அவளைப் போலவே 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்துக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டுவிட்டார். அந்த வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். சரி, பிறந்த சான்றிதழைக் கொடு என்றேன். இல்லை. பள்ளிச் சான்றிதழில் 1.6.1988 என்று இருக்கிறது. சேர்க்கப் போன அன்று வாத்தியார் போட்ட தேதி, நமக்கெல்லாம் போட்டார்களே அதே ஜூன் 1. ஒரு வாத்தியாரின் பேனாவில் அவள் நாட்டை இழந்திருக்கிறாள். (நானும் அப்படி எத்தனை பேருக்குப் போட்டேனோ.)

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாதாம். தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப ஜெயில் இல்ல. வேற?" என்றான். வேறு ஒன்றும் இல்லை.

நம் அம்மாக்களை நினைத்துக்கொள்கிறேன். அறுபதுகளில் பர்மாவின் நெ வின் ராணுவ ஆட்சி கடைகளைப் பிடுங்கிக்கொண்டு ரங்கூனிலிருந்து கப்பல் ஏற்றியபோது அவர்களிடமும் ஒரு டிரங்குப் பெட்டிதான். ஆனால் 'தாயகம் திரும்பியோர்' என்ற காகிதம் கையில் இருந்தது. அதனால்தான் பர்மா பஜாரில் உன் அப்பாவுக்கு ஒரு கடை, இங்கே நமக்கு ஒரு வீடு. பர்மாவுக்கே திரும்ப நடக்கிறேன் என்று கிளம்பி, எல்லையில் தடுத்ததும் மணிப்பூரின் மோரேயிலேயே தங்கிவிட்ட உன் சித்தப்பாவைக்கூட யாரும் அந்நியன் என்று சொல்லவில்லை. கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியாக் குடும்பங்கள் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. அவர்களும் பர்மாவிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கு எந்தக் காகிதத்துக்கு மனு எழுதுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளை அழைத்துக்கொண்டு மண்டபம் போகிறேன். கேம்ப் பதிவேடு, பிறப்புப் பதிவு, எங்காவது ஒரு வரி இருக்காதா? இன்னொன்று தெரியுமா, வெள்ளைக்காரன் காலத்தில் சிலோன் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தி வைத்த இடமும் அதே கேம்ப்தான். அவள் கொள்ளுத்தாத்தா அந்த வழியாகத்தான் போனாராம். தம்பி நேற்று வந்து அக்காவின் ரயில் டிக்கெட்டுக்குக் காசு வைத்துவிட்டுப் போனான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

ஜனவரியில் வருகிறாய் அல்லவா? பீச் ஸ்டேஷன் எதிரே நம் பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிடலாம், வாழைத்தண்டு சூப்போடு. அப்புறம் ஒரு சந்தேகம். உன் சான்றிதழிலும் ஜூன் 1 தானே? நீ கப்பலிலேயே பிறந்தவள் என்று உன் அம்மா சொல்வாரே, அது எந்த மாதம் என்று என்றைக்காவது கேட்டு வைத்தாயா?

அன்புடன்,
வசந்தா