நேனோ கார்பன் மூட்டையில வர்ற இடத்தையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல நேனோ கார்பன் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் சூப்பர், ஆனா படிச்சு முடிச்சதும் கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. பூமிலேர்ந்து விண்வெளிக்குக் கயிறு கட்டி ஏறுற விண்வெளி லிஃப்ட் இருக்கு, கீழடி இருக்கு, எஃகை விட நூறு மடங்கு பலம்னு இருக்கு, இந்த சரக்கு இன்னைக்கு நிஜமா எங்க போகுது, யார் கையில புழங்குதுன்னு மட்டும் ஒரு வரி கூட இல்ல. நான் ஓசூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பவுண்டிங் யூனிட்டுல வேலை பாக்குறேன், பிளாஸ்டிக்கை உருக்கி கலர், ஃபில்லர், கார்பன்னு கலந்து குருணையா வெட்டிக் குடுக்குற வேலை, அதனால கார்பன் நேனோட்யூப்ங்கிறது, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு ஒல்லியான கார்பன் குழாய், எங்களுக்கு மூட்டையில வந்து இறங்குற சரக்கு.

எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனில சிப், போர்டு எல்லாம் வைக்கிற கருப்பு டிரே பாத்திருப்பீங்க, அதுல ஸ்டாட்டிக் கரண்ட் தேங்கினா சிப் காலி. அதுக்காக பிளாஸ்டிக்ல கொஞ்சம் கரண்ட் கடத்துற மாதிரி கார்பன் பிளாக் கலப்போம், டயருக்குப் போடுற அதே கருப்புப் பொடி வகைதான். ஆனா 15, 20 சதவீதம் போட்டாத்தான் கடத்தும், அவ்வளவு போட்டா பிளாஸ்டிக் மொறமொறன்னு ஆயிடும், கீழ விழுந்தா உடையும், உரசினா கருப்பு ஒட்டும். நேனோட்யூப்னா 2, 3 சதவீதமே போதும். ஏன்னா அது ஒல்லியா நீளமா இருக்கு, கடுகைத் தரையில இறைச்சா ஒண்ணையொண்ணு தொட எக்கச்சக்கமா வேணும், வைக்கோல்னா நாலு பிடி போட்டாலே இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் தொட்டுக்கும், அவ்வளவுதான் விஷயம். அமெரிக்கால ஹைப்பீரியன்னு ஒரு கம்பெனி 1990கள்லயே கார் பெட்ரோல் லைன் பிளாஸ்டிக்ல இதைக் கலந்து வித்துச்சு, பெட்ரோல் ஓடுற உராய்வுல ஸ்டாட்டிக் சேர்ந்து பொறி தட்டக் கூடாதுன்னு.

அதை விடப் பெரிய வேலை பேட்டரில. லித்தியம் பேட்டரியோட கேத்தோடு (பிளஸ் முனை) பவுடர், முக்கியமா அந்த அயர்ன் பாஸ்பேட் வகை, தானா சரியா கரண்ட் கடத்தாது, அதனால கார்பன் சேக்கணும், நேனோட்யூப்னா ரொம்பக் கம்மியா சேத்தாப் போதும், மிச்ச இடத்துல சார்ஜ் பிடிக்கிற சரக்கையே கூடுதலா அடைக்கலாம். ஆனோடுல (மைனஸ் முனைல) சிலிக்கான் சேக்கும்போது சார்ஜ் ஏற ஏற அது மூணு மடங்குக்கும் மேல ஊதும், ஊதிச் சுருங்கி விரிசல் விட்டு தொடர்பு அறுந்து போயிடும், அந்த இடத்துல நேனோட்யூப் வலை மாதிரி பிடிச்சு வைக்குது. தென்கொரியால எல்ஜி கெம் யோசுங்கிற ஊர்ல பெரிய பிளான்ட் போட்டு இதைத் தயாரிக்குறது முக்கியமா இந்த பேட்டரிக்குத்தான். உங்க கட்டுரைல பேட்டரிங்கிற வார்த்தை ஒரு தடவை வருது, அதுவும் "எதிர்காலத்தில்"னு!

லிஃப்ட் கதைக்கு வருவோம். ஒரே ஒரு ட்யூபை இழுத்துப் பாத்தா அந்த பலம் உண்மைதான், ஆனா கோடிக்கணக்குல சேத்து நூலா திரிச்சா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிடும், பலம் பல மடங்கு இறங்கிடும். 2013ல சீனால சிங்குவா பல்கலைக்கழகத்துல வளத்த ட்யூபே அரை மீட்டர் சொச்சம்தான் நீளம், அதுவே அப்போ பெரிய சாதனை, லிஃப்டுக்கு 36,000 கிலோமீட்டருக்கு மேல கயிறு வேணும். இந்த மாதிரி கனவை நம்பி காசு போட்டவங்களும் இருக்காங்க. ஜெர்மனில பேயர் கம்பெனி 2010ல வருஷத்துக்கு 200 டன் தயாரிக்கிற பிளான்டைத் திறந்துச்சு, 2013ல போதும்டா சாமின்னு கடையை மூடிடுச்சு. இதையும் ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருக்கலாம். அப்புறம் நேனோட்யூபை 1991ல ஜப்பான்ல இய்ஜிமா கண்டுபிடிச்சார்னு ஒரே போடா போட்டுட்டீங்க, 1952லயே சோவியத்துல ரெண்டு பேர் குழாய் மாதிரி கார்பனைப் படம் எடுத்து ரஷ்ய மொழில வெளியிட்டிருக்காங்க, வெளியில யாரும் அப்போ பெருசா கண்டுக்கல.

கீழடி எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்லல. விஐடி ஆளுங்க 2020ல அந்தப் பானை ஓட்டுக் கருப்புப் பூச்சுல நேனோட்யூப் இருக்குன்னு எழுதினாங்க, கிமு ஆறாம் நூற்றாண்டுப் பானை. பூச்சுல தாவரச் சாறு மாதிரி ஏதோ இருந்து சூளைச் சூட்டுல உருவாகியிருக்கலாம்னுதான் அவங்களே சொல்றாங்க. அதை நீங்க "தமிழன் அன்றே அறிந்த நேனோ தொழில்நுட்பம்"னு தலைப்பு போட்டா எப்படி? பூச்சு 2,500 வருஷத்துக்கு மேல உரியாம நிக்குதே, அந்தக் கைவேலை போதாதா பெருமைப்பட?

கிராஃபீன், அதாவது ஒரே அணு கனத்துல இருக்குற கார்பன் தாள், அதோட விளம்பரம் தனி கூத்து. கார் கோட்டிங், ஹெல்மெட், பேட்டரின்னு எல்லாத்துலயும் அந்தப் பேரை ஒட்டி விக்கிறாங்க. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துல 60 கம்பெனியோட சரக்கை வாங்கி டெஸ்ட் பண்ணி 2018ல போட்டாங்க, பெரும்பாலானதுல கிராஃபீன் 10 சதவீதம் கூட இல்ல, ஒண்ணு கூட 50ஐத் தாண்டல, மிச்சமெல்லாம் பொடி பண்ண கிராஃபைட்டு (பென்சில் கரி) மாதிரிதான். உங்க கட்டுரைக்குக் கீழயே ஒரு கிராஃபீன் கோட்டிங் விளம்பரம் இருந்துச்சுங்க, சிரிப்பு வந்துடுச்சு.

நான் முக்கியமா எழுத வந்தது தூசி பத்தி. நேனோட்யூப் மூட்டையைப் பிரிச்சு ஹாப்பர்ல (மெஷினுக்குச் சரக்கு போடுற தொட்டில) கொட்டும்போது புகை மாதிரி எழும்பும், எடையே இருக்காது, கண்ணுக்கும் சரியா தெரியாது. 2008ல ஸ்காட்லாந்துல எடின்பரோ பல்கலைக்கழக ஆளுங்க எலி வயித்துக்குள்ள செலுத்திப் பாத்ததுல நீளமான ட்யூப் ஆஸ்பெஸ்டாஸ் நார் மாதிரியே வீக்கம் உண்டாக்குச்சு, குட்டையா சுருண்டு கிடக்குறது அப்படிப் பண்ணல. 2014ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு ஒரு வகை ட்யூபை மட்டும் புற்றுநோய் வரவைக்கலாம்ங்கிற லிஸ்ட்ல சேத்துச்சு, மத்த வகைக்கு ஆதாரம் போதலன்னு விட்டுடுச்சு. அமெரிக்கால நியோஷ்னு வேலை இடப் பாதுகாப்பு பாக்குற ஒரு அமைப்பு, கார்பன் பிளாக்குக்கு ஒரு கன மீட்டர் காத்துல 3.5 மில்லிகிராம் வரைக்கும்னு சொல்றது, நேனோட்யூப்புக்கு 1 மைக்ரோகிராம்தான்னு சொல்லுது, அதாவது 3,500 மடங்கு இறுக்கம். எங்க யூனிட்டுக்கு ஒரு தடவை வந்த சரக்கோட எம்எஸ்டிஎஸ்ல (பாதுகாப்பு விவரத் தாள்ல) வெறும் கிராஃபைட்டுக்கான லிமிட்டை எழுதி அனுப்பியிருந்தாங்க, சப்ளையர் பையன்கிட்ட கேட்டா "ரெண்டும் கார்பன்தானே அண்ணே"ங்கிறான்!

பயமுறுத்த எழுதல, பிளாஸ்டிக்குக்குள்ள கலந்து இறுகிட்டா சுலபத்துல வெளிய வராது, டிரேயைத் தொடுறவங்களுக்கு, போன் வச்சிருக்கவங்களுக்கு இதுல கவலைப்பட ஒண்ணும் இல்ல. பொடியைக் கொட்டுறவங்க, மிக்சரைக் கழுவுறவங்க, கட் பண்ணி கிரைண்ட் பண்றவங்க, இவங்களுக்குத்தான் பிரச்சினை. அதுக்கும் வழி இருக்கு, ஏற்கனவே பிளாஸ்டிக்ல அடர்த்தியா கலந்து குருணையா வர்ற மாஸ்டர்பேட்ச்சை வாங்கினா தூசியே பறக்காது. விலை கட்டுப்படியாகாதும்பாங்க ஓனருங்க. அடுத்த தடவை இதைப் பத்தி எழுதும்போது உங்க நிருபரை இந்த மாதிரி ரெண்டு யூனிட்டுக்கு அனுப்பி, பொடிக்கும் மாஸ்டர்பேட்ச்சுக்கும் விலைல நிஜமா எவ்வளவு வித்தியாசம், எத்தனை பேர் சாதா துணி மாஸ்க்கோட நிக்கிறாங்கன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
ஓசூர்